சதுரங்கமும் சொந்தக் கண்ணும்

சதுரங்கம் பிறந்த கதையை ஆராய்ந்தோர் பலர். அவருள் ஒருவர், கல்கத்தாவில் நீதிபதியாக இருந்து வடமொழி கற்ற சேர் வில்லியம் ஜோன்ஸ். 1790 ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரையொன்றில் அவர் ஒரு பழங்கதையைக் குறிப்பிடுகிறார். இராமனுடைய சேனை இலங்கையை முற்றுகையிட்டிருந்த வேளையில், இராவணனுடைய மனத்தைச் சற்றே வேறு திசையில் திருப்பும் பொருட்டு, அவனுடைய தேவி இவ்விளையாட்டைக் கண்டுபிடித்தாள் என்பதே அக்கதை. வரலாற்றாசிரியர் இதனை ஏற்கமாட்டார். ஆயினும் இலங்கையில் வாழும் நமக்கு அது இனிக்கவே செய்கிறது.

அக்கதையிலே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அரண்மனையில் அன்று பலகைக்கு முன் இருந்தோர் இருவர், இருவரும் ஆடினார்கள். வேடிக்கை பார்த்தோர் எவரும் கதையில் இல்லை. இன்றோ உலகப் பட்டத்துக்காக இருவர் ஆட, இலட்சக்கணக்கானோர் பார்க்கிறார்கள். பார்ப்பவர்கள் பேசுகிறார்கள், புகழ்கிறார்கள், இகழ்கிறார்கள். அவர்களுடைய பேச்சிலே நியாயம் எவ்வளவு, பழக்கதோஷம் எவ்வளவு என்பதைச் சற்றே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்காக நான் வெகுதூரம் செல்லவில்லை. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் வசிக்கிறார். எல்லோருக்கும் அவர் ‘மாஸ்டர்’. ஞாயிறு மாலைகளில் அவர் வீட்டு விறாந்தையில் நால்வர் ஐவர் கூடுவது வழக்கம். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறி வரும் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், வங்கியில் வேலை பார்க்கும் அன்பர் ஒருவர், அயல்வீட்டு அம்மையார் ஒருவர் – அவருடைய மகள் பாடசாலைச் சதுரங்க அணியில் ஆடுகிறாள், இவர்களோடு நான். எனக்குக் காய்களின் நடை தெரியும். அதற்குமேல் உரிமை கோரமாட்டேன். கரையோர ரயில் கடந்து செல்லும்போது பலகையிலுள்ள காய்கள் மெல்ல அதிரும். பேச்சு ஒரு கணம் நின்று, பின் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

வெறுமையான சிம்மாசனம்

அங்கே அடிக்கடி எழும் முதற் குறை, பட்டத்தின் மதிப்புப் பற்றியது. 2013 நவம்பரில் சென்னையிலே நம் விஸ்வநாதன் ஆனந்தை 6½–3½ என்னும் கணக்கில் வென்று பட்டத்தைக் கைப்பற்றிய நோர்வே வீரர் மக்னஸ் கார்ள்சன், எவரிடமும் தோற்று அதனை இழக்கவில்லை. மீண்டும் அப்பட்டத்துக்காக ஆட விருப்பமில்லை என்று 2022 ஜூலையில் அறிவித்தார். ஆகவே 2023 ஏப்ரலில் கசகஸ்தானின் அஸ்தானா நகரில் சீனாவின் டிங் லிரெனும் ரஷ்யாவின் நெப்போம்னியாச்சியும் ஆடினர். பதினான்கு ஆட்டங்களில் 7–7 எனச் சமமாக நின்று, பின் வேக ஆட்டத்தில் டிங் லிரென் வென்றார்.

“வல்லவன் எழுந்து போன கதிரையிலே இருப்பவனை அரசன் எண்டு சொல்லலாமோ?” என்று வங்கி அன்பர் கேட்பார். உலகெங்கும் சதுரங்க அபிமானிகள் பலர் கேட்ட கேள்வியும் இதுவே.

மாஸ்டர் இதற்கு விடையாகச் சரித்திரத்தைத் திறப்பார். 1946 இல் அலேகின் பட்டத்தோடு இறந்தார். சிம்மாசனம் வெறுமையாயிற்று, 1948 இல் ஐவர் ஆடிய போட்டியில் பொட்வினிக் வென்று அமர்ந்தார். 1975 இல் பொபி ஃபிஷர் தம் நிபந்தனைகள் ஏற்கப்படாமையால் ஆட மறுத்தார். ஒரு காயும் நகர்த்தாமலே கார்ப்போவ் செம்பியனானார். பின்னர் அவர் போட்டிக்கு மேற் போட்டியாக வென்று அப்பட்டத்துக்குத் தாம் உரியவரே என்பதைக் காட்டினார். 1993 இல் கஸ்பரோவும் ஷோர்ட்டும் சர்வதேச சம்மேளனத்தை விட்டு விலகித் தனியே ஆடியதால், 2006 வரை உலகில் இரண்டு பட்டங்கள் இருந்தன. “சிம்மாசனம் வெறுமையாவது புதினமில்லை. அதிலே இருந்தவர் பிறகு என்ன செய்தார் எண்டதைத்தான் பார்க்கவேணும்” என்பது அவர் முடிவு.

வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை

இரண்டாவது குறை, சமநிலை ஆட்டங்களைப் பற்றியது. இதிலே கொட்டாஞ்சேனை மாணவர் முன்னிற்பார். 2018 இல் லண்டனில் கார்ள்சனும் அமெரிக்காவின் கருவானாவும் ஆடிய பன்னிரண்டு நெடு ஆட்டங்களும் வெற்றி தோல்வியின்றியே முடிந்தன. உலகப் பட்டப் போட்டிகளின் வரலாற்றில் அவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதன்முறை. காரணம் கணினி என்பார் அவர். 1997 மே மாதத்தில் நியூயோர்க்கில் டீப் புளூ என்னும் யந்திரம் கஸ்பரோவை வென்றது. அதன் பின் யந்திரங்கள் மனிதனுக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றுவிட்டன. பெரு வீரர்கள் முதல் இருபது நகர்வுகளை வீட்டிலேயே யந்திரத்தோடு இருந்து மனப்பாடஞ் செய்துகொண்டு வருகிறார்கள். ஆகவே பலகையில் நாம் காண்பது சிந்தனையன்று, ஒப்புவித்தலே என்பது அவர் வாதம்.

இதற்கும் மாஸ்டரிடம் கணக்கிருக்கிறது. 1921 இல் ஹவானாவில் கப்பாபிளாங்கா லாஸ்கரை வென்றபோது பதினான்கு ஆட்டங்களிற் பத்துச் சமநிலை. 1927 இல் புவெனஸ் அயர்ஸில் அலேகின் கப்பாபிளாங்காவை வென்றபோது முப்பத்துநான்கில் இருபத்தைந்து. 1984 இல் மொஸ்கோவில் தொடங்கிய கார்ப்போவ்–கஸ்பரோவ் போட்டியில் நாற்பத்தெட்டு ஆட்டங்கள் ஆடி, நாற்பது சமநிலையாகி, ஐந்து மாதங்களின் பின் 1985 பெப்ரவரியில் முடிவின்றியே அது நிறுத்தப்பட்டது. யந்திரம் வருவதற்கு முன்னரே இவ்வளவும். மாறாக, யந்திர யுகத்திலே நடந்த அஸ்தானாப் போட்டியின் பதினான்கு ஆட்டங்களில் ஆறு, வெற்றி தோல்வியில் முடிந்தன. 2024 இன் சிங்கப்பூர்ப் போட்டியில் ஐந்து.

“அப்ப சமநிலைக்குக் காரணம் யந்திரமில்லையோ, சேர்?” என்றார் மாணவர்.

“யந்திரமும் ஒரு காரணம்தான், தம்பி. ஆனால் பிழைவிடப் பயந்தவன் எந்தக் காலத்திலும் சமநிலைக்குத்தான் ஆடுவான்.”

மனப்பாடத்தை முறியடிக்க ஒரு வழியும் உண்டு. காய்களின் தொடக்க வரிசையைக் குலுக்கி மாற்றிவிட்டு ஆடும் முறையை ஃபிஷர் 1996 இல் அறிவித்தார். 960 வகையாகக் காய்களை அடுக்கலாம் என்பதால் எவராலும் மனப்பாடஞ் செய்தல் இயலாது. 2025 இல் கார்ள்சன் முதலியோர் ஆடிய ஒரு தொடர் இம்முறையிலேயே நடைபெற்றது. ‘உலகச் செம்பியன்’ என்னும் பெயரை அத்தொடர் வழங்கலாமா என்பதில் சர்வதேச சம்மேளனத்தோடு பிணக்கும் உண்டாயிற்று. மாணவருக்கு இம்முறையில் மிகுந்த விருப்பம். மாஸ்டரோ, “நல்ல முறைதான். ஆனால் பாட்டுப் பழசு எண்டதற்காக வீணையின் நரம்பை மாற்றிக் கட்டலாமோ?” என்று சிரிப்பார். இதில் அவ்விருவரும் இன்னும் உடன்படவில்லை.

வேகமும் பணமும் ஐயமும்

வங்கி அன்பருடைய மனக்குறை வேறு. அரங்கிலே அமைதி குறைந்து ஆரவாரம் மிகுந்துவிட்டது என்கிறார் அவர். 2022 செப்டெம்பரில் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலே இளைஞர் ஹான்ஸ் நீமனிடம் தோற்ற கார்ள்சன் போட்டியிலிருந்தே விலகினார். பின்னர் அவ்விளைஞர் ஏமாற்றுகிறார் என ஐயம் தெரிவித்தார். பலகைமுன் ஏமாற்று நடந்ததற்கு ஆதாரம் காட்டப்படவில்லை. வழக்கு எழுந்து, 2023 ஆகஸ்டில் இணக்கமாக முடிந்தது. 2024 டிசம்பரில் நியூயோர்க்கில் நடந்த உலக வேகச் சதுரங்கப் போட்டியிலே, கார்ள்சன் அணிந்து வந்த ஜீன்ஸ் காற்சட்டை ஒரு பெரும் வழக்காகி, அவர் இடையில் விலகிச் சென்று பின் மின்னல் ஆட்டத்துக்குத் திரும்பினார். அங்கே இறுதியில் இருவரும் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டனர். 2025 இல் ரியாத் நகரின் மின்விளையாட்டு உலகக் கிண்ணத்திலே சதுரங்கமும் சேர்க்கப்பட்டது. அங்கும் கார்ள்சனே வென்றார்.

அயல்வீட்டு அம்மையார் இவற்றைக் கேட்டுக்கொண்டிருந்து ஒருநாட் சொன்னார்: “நீங்கள் எல்லாரும் ஒரு ஆளைச் சுற்றித்தான் கதைக்கிறியள். என்ர பிள்ளை யாரைப் பார்த்து ஆடுகிறாள் எண்டு ஒருதரும் கேக்கேல்லை.”

அவர் கூற்று முற்றும் நியாயமானது. 2024 இல் புடாபெஸ்ற் ஒலிம்பியாட்டில் இந்தியாவின் ஆடவர் அணி மட்டுமன்று, மகளிர் அணியும் தங்கம் வென்றது. சென்னையைச் சேர்ந்த வைஷாலி 2023 இலும் 2025 இலும் மகளிர் கிராண்ட் சுவிஸ் போட்டியில் முதலிடம் பெற்றார். கொனேரு ஹம்பி 2019 இலும் 2024 இலும் உலக வேகச் சதுரங்கப் பட்டம் பெற்றார். 2025 இல் மகளிர் உலகக் கிண்ண இறுதியில் அவரையே இளம்பெண் திவ்யா தேஷ்முக் வென்றார். ஆயினும் வைஷாலியைப் பலர் பிரக்ஞானந்தாவின் அக்கை என்றே அறிமுகஞ் செய்கின்றனர். தம்பியை வைஷாலியின் தம்பி என்று சொல்வோர் அரியர். சதுரங்கம் தாழ்ந்துவிட்டதென்று துயருறும் நாம், அது உயர்ந்துகொண்டிருக்கும் பக்கத்தைத் திரும்பிப் பாராதிருப்பது விந்தையே.

சிங்கப்பூரில் ஒரு நகர்வு

இக்குறைகளையெல்லாம் கேட்டுக் கேட்டு, எனக்கும் ஒரு கருத்து உண்டாகிவிட்டது. 2024 டிசம்பர் 12 ஆம் திகதி, வியாழக்கிழமை, சிங்கப்பூரில் உலகப் பட்டப் போட்டியின் பதினான்காவது ஆட்டம். டிங் லிரெனும் சென்னை குகேஷும் 6½–6½ எனச் சமமாக நின்றனர். ஆட்டம் சமநிலையை நோக்கிச் சென்றுகொண்டிருக்க, 55 ஆவது நகர்வில் டிங் லிரென் ஒரு பெரும்பிழை செய்தார். மூன்று நகர்வுகளின் பின் அவர் தோல்வியை ஏற்றுக்கொண்டார். பதினெட்டு வயது குகேஷ் உலகச் செம்பியனானார்; அதுவரை அவ்வளவு இளவயதில் பிளவுபடாத உலகப் பட்டத்தை வென்று முடிசூடியவர் இல்லை.

மகிழ்ச்சி ஒருபுறமிருக்க, உடனே ஏளனமும் எழுந்தது. முன்னாட் செம்பியன் கிராம்னிக் முதலியோர் ஆட்டத்தின் தரத்தைக் கடுமையாகக் குறைகூறினர். “சின்னப் பிள்ளையும் செய்யாத பிழை” என்னும் பேச்சு எங்கும் பரவிற்று. அடுத்த ஞாயிறு நானும் அதே வாசகத்தை மாஸ்டர் வீட்டு விறாந்தையிலே சொன்னேன். செய்தியைப் படித்திருந்தேனேயன்றி நகர்வு எதுவென்பதை நான் அறியேன்.

மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. பலகையை எடுத்துவந்து சில காய்களை அடுக்கினார். இரு அரசர், இரு கோட்டை – முதியோர் யானை என்பர் – இரு மந்திரி, சில காலாட்கள். கறுப்புக்கு ஒரு காலாள் அதிகம். வெள்ளை மந்திரி பலகையின் ஒரு மூலைக் கட்டத்தில் நின்றது. “நீங்கள் வெள்ளை. ஆறுதலாக யோசிச்சு ஆடுங்கோ” என்றார். மாணவர் வாயெடுக்க, கையமர்த்தினார்.

இருபது நிமிடம் சிந்தித்தேன். எதிரியிடம் ஒரு காலாள் அதிகம். களத்திலே காய்கள் குறையக் குறைய எனக்கு ஆபத்தும் குறையும் என்று தோன்றிற்று. ஆகவே என் கோட்டையை எதிரியின் கோட்டைக்கு நேரே கொண்டுபோய் வைத்தேன். வெட்டினால் வெட்டட்டும், திருப்பி வெட்டுவேன் என்பது என் எண்ணம்.

மாணவர் பலமாகச் சிரித்தார். மாஸ்டர் கறுப்புக் கோட்டையால் வெட்டினார். நான் அரசனால் வெட்டினேன். பின் அவர் தம் மந்திரியை நடுப்பலகைக்குக் கொண்டுவந்து என் மந்திரிக்கு எதிரே நிறுத்தினார். மூலையிலே நின்ற என் மந்திரிக்கு இருந்த வழி அந்த ஒரு மூலைவிட்டமே. ஒதுங்க வேறிடமில்லை, மாற்றிக்கொள்ளவே வேண்டியதாயிற்று. மந்திரிகள் மறைய, அரசர்களும் காலாட்களும் எஞ்சினர். ஒரு காலாள் அதிகமுள்ள பக்கம் வெல்வதை இனித் தடுக்க முடியாது. சிங்கப்பூரில் டிங் லிரென் ஆடியதும் இதே நகர்வு. சின்னப் பிள்ளை செய்யாத அதே பிழையை, இருபது நிமிட யோசனையின் பின், விசிறியின் கீழ் இருந்துகொண்டு நான் செய்தேன். அவரோ மூன்று வார காலம், பதினான்கு ஆட்டங்கள் ஆடிக் களைத்த மனத்தோடு, கடிகாரம் துரத்த அதனைச் செய்தார்.

மாஸ்டர் மாணவரைத் திரும்பிப் பார்த்தார்.

“தம்பி, நீர் ஏன் சிரிச்சனீர்?”

“பார்த்தவுடனே பிழை எண்டு தெரியுதே, சேர்.”

“பலகையைப் பார்த்தவுடனே தெரிஞ்சதோ, பட்டையைப் பார்த்தவுடனே தெரிஞ்சதோ?”

இங்கே வாசகர்களுக்கு ஒரு விளக்கம் வேண்டும். கைப்பேசியிலும் கணினியிலும் ஆட்டத்தைக் காண்போருக்குப் பலகையின் அருகே வெள்ளையும் கறுப்புமான ஒரு பட்டை காட்டப்படுகிறது. யந்திரம் ஒவ்வொரு கணமும் எடைபோட்டு, எவர் பக்கம் மேலோங்குகிறது என்பதை அப்பட்டையை ஏற்றி இறக்கிக் காட்டும். ஆடுவோர் இருவருக்கும் அது தெரியாது. உலகில் அவர்கள் இருவரையுந் தவிர மற்றெல்லாருக்கும் தெரியும். அன்று சிங்கப்பூரிலே டிங் லிரென் கோட்டையை வைத்ததும் பட்டை சரிந்தது, உலகம் கூவிற்று. ஆனால் எதிரே இருந்த குகேஷ் அதனை உடனே உணரவில்லை. வேறொரு நகர்வை ஆடவே இருந்ததாகவும், சில கணங்களின் பின்னரே அந்த மந்திரி அகப்பட்டுக்கொண்டதைக் கண்டதாகவும் அவரே பின்னர் கூறினார். உலகச் செம்பியன் ஆகப்போகிறவனுக்கே தெரியாதது, தேநீர்க் கோப்பையோடு இருந்த நமக்குத் தெரிந்தது. அந்த அறிவு நம்முடையதா?

மாணவர் விடை சொல்லவில்லை. மாஸ்டர் தமது பழைய குறிப்புப் புத்தகத்திலிருந்து இன்னொரு நிலையை அடுக்கினார். யந்திரம் இல்லை, பட்டை இல்லை. அரைமணி கழிந்தது. இரண்டு ரயில்கள் போயின. மாணவருடைய நெற்றி வியர்த்தது. கடைசியில் மெதுவாகச் சொன்னார்: “நான் பலகையில ஆடி மூண்டு வருஷமாச்சு, சேர்.”

பாடசாலையிலே முதற் பலகையில் ஆடியவர் அவர். ஏன் விட்டார் என்று கேட்டபோது அவர் கூறிய காரணம் எங்களை மௌனமாக்கியது. ஒவ்வோர் ஆட்டமும் முடிந்தபின் அதனை யந்திரத்துக்கு ஊட்டுவாராம். வென்ற ஆட்டத்திலும் அது பிழைகளை எண்ணிக் காட்டுமாம். தாம் பெருமையோடு ஆடிய நகர்வுக்கும் சிவப்புக் குறி. “வென்று வந்த அண்டைக்கும் தோற்றவன் மாதிரி இருக்கும். பிறகு, ஆடுறதிலும் பார்க்கப் பார்க்கிறது சுகம் எண்டு வந்திட்டுது.” உலகச் சதுரங்கம் கெட்டுவிட்டது என்று எல்லோரிலும் உரத்துக் கூறியவர் அவர். கெட்டது எதுவென்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

பார்வையாளர் வரிசையில் ஒரு சிறுவன்

யந்திரத்தைப் பழித்து ஒதுக்குதல் என் கருத்தன்று, அது பேரறிவு. ஆயின் அதனை எப்போது அணுகுவது என்பதே கேள்வி. இதற்குக் குகேஷின் வாழ்விலேயே விடையுண்டு. தெலுங்கு பேசும் குடும்பத்திற் பிறந்து சென்னையில் வளர்ந்தவர் அவர். 2013 இல் ஆனந்தும் கார்ள்சனும் சென்னையிலே மோதியபோது, பார்வையாளர் வரிசையில் இருந்து அதனைக் கண்ட ஏழு வயதுச் சிறுவர்களுள் அவரும் ஒருவர். சதுரங்கம் கற்கத் தொடங்கியதும் அவ்வாண்டிலேயே. ஊரார் கண்முன் ஊர்ப்பிள்ளை தோற்ற போட்டி அது. தோல்வியைப் பார்த்த கண்கள் பதினொரு ஆண்டுகளின் பின் அப்பட்டத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்தன.

அவருடைய பயிற்றுநர் விஷ்ணு பிரசன்னா, தரப்புள்ளி ஏறக்குறைய 2500 ஐ எட்டும்வரை அவரை யந்திரத்தோடு பயில விடவில்லை. பன்னிரண்டு வயதிலே கிராண்ட்மாஸ்டர் ஆகும் பிள்ளைக்கு, உலகமெங்கும் எல்லோர் கையிலும் இருந்த கருவி மறுக்கப்பட்டது. முதலிற் சொந்தக் கண்ணாற் காணப் பழகவேண்டும். பிழைவிட்டு, பிழையைத் தானே தேடிப் பிடிக்கப் பழகவேண்டும். அதன் பின் யந்திரம் துணையாகட்டும் என்பதே அம்முறையின் உட்பொருள்.

சென்னையின் பெருமை ஓரிரவில் விளைந்ததுமன்று. 1961 இல் இந்தியாவின் முதலாவது சர்வதேச மாஸ்டரான மானுவேல் ஆரன், 1972 இல் சோவியத் கலாசார நிலையத்தில் தொடங்கிய தால் சதுரங்கக் கழகத்தை வழிநடத்தினார். தாயிடம் ஆட்டம் கற்ற சிறுவன் ஆனந்த் அக்கழகத்துக்கு வந்து ஆடினான். 1988 இல் இந்தியாவின் முதற் கிராண்ட்மாஸ்டரானான். மேசை, கதிரை, பலகை, ஆட ஒரு மனிதன், பொறுமையுள்ள ஓர் ஆசான் – தொடக்கத்திலே இருந்தவை இவையே. பின்னரே பாடசாலைகளும் அரசும் கைகொடுத்தன. 2022 இல் மாமல்லபுரத்தில் உலக ஒலிம்பியாட் நடைபெற்றது.

அந்த ஒலிம்பியாட் நாட்களை நான் மறக்கவில்லை. கொழும்பில் பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் வரிசையில் நின்ற காலம். காலி வீதியோரத்து வரிசையொன்றிலே முன்னே நின்ற முச்சக்கர வண்டிக்காரர், கைப்பேசியில் மாமல்லபுரத்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசை நகரவில்லை, ஆட்டமும் நகரவில்லை. அவர் முகத்திலோ சலிப்பில்லை. கறுப்பு அடுத்ததாக எதை ஆடும் என்று என்னிடம் கேட்டார். பிழையாகச் சொன்னேன். அவர் வேறொன்று சொன்னார், அதுவும் பிழைத்தது. இருவரும் சிரித்தோம். அவருடைய பழைய கைப்பேசியின் சிறு திரையிலே பட்டை தெரியவில்லை என்பதை இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

2024 ஆம் ஆண்டு முடியும்வரை இலங்கையிலிருந்து ஒரு கிராண்ட்மாஸ்டர் தோன்றவில்லை. பாக்கு நீரிணைக்கு அப்பால் அவர்கள் எண்பதுக்கு மேற்பட்டுவிட்டனர். இதனை எண்ணிப் பெருமூச்செறிவதிற் பயனில்லை. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பாடசாலைகளிற் பலகைகள் இருக்கின்றன, பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒன்றைச் செய்து பார்க்குமாறு ஆசிரியர்களை வேண்டுகிறேன். சிங்கப்பூரின் அந்தப் பதினான்காவது ஆட்டத்தைப் பலகையிலே, கையால் நகர்த்தி, பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 55 ஆவது நகர்விலே நிறுத்துங்கள். அடுத்தது யாதெனக் கேளுங்கள். கைப்பேசிகள் பையினுள் இருக்கட்டும். பலர் பிழைவிடுவர். அப்பிழையிலிருந்து ஒரு மணிநேரப் பாடம் பிறக்கும். டிங் லிரெனைக் கண்டு நகைக்கும் பிள்ளை ஒன்றும் அவ்வகுப்பில் எஞ்சாது.

அந்த ஆட்டம் முடிந்த பின் நடந்தவற்றையும் சொல்லிக் கொடுக்கலாம். வென்ற இளைஞர் கண்ணீர் பெருக இருந்தவாறே காய்களை ஒவ்வொன்றாக எடுத்து, தொடக்கத்திலே நின்ற கட்டங்களில் மீண்டும் அடுக்கினார். தோற்றவர் செய்தியாளர்முன் வந்து, இம்முடிவு நியாயமானதே என்னும் பொருள்படப் பேசிச் சென்றார். ஆட்டத்தின் தரம் எதுவாயினும், இவ்விரண்டையும் எந்தப் பட்டையும் அளந்து காட்டவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு நான் சற்றுப் பிந்தியே வெள்ளவத்தைக்குப் போனேன். விறாந்தையிலே வழக்கமான விவாதம் கேட்கவில்லை. கொட்டாஞ்சேனை மாணவரும் அம்மையாரின் மகளும் பலகைக்கு இருபுறமும் இருந்தனர். சிறுமிக்கு ஒரு குதிரை அதிகம். மாணவர் தலையைக் கையில் ஏந்தியவாறு சிந்தித்துக்கொண்டிருந்தார். நான் எதையோ கேட்க வாயெடுக்க, மாஸ்டர் உதட்டில் விரல் வைத்தார். ரயில் வந்து போயிற்று, காய்கள் அதிர்ந்தன, இருவரும் நிமிரவில்லை.